மந்திரக்காரியும் யாப்பின் ஏழாம் பிரிவும்

முப்பத்தொரு ஆண்டுகள் டென்மார்க்கின் ஓகூஸ் நகரசபையில், எங்கள் ஆட்களின் வாயில் கொம்யூனில், மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்துச் சம்பளம் வாங்கியவளுக்கு, ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் படிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. இரண்டு வாரம் பால் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். மூன்றாவது வாரம் ஓகூஸ் நூலகத்துக்குப் போய், செவ்வாய்க்கிழமை வாசிப்பு வட்டத்தில் பெயரைப் பதிந்தேன். அந்தப் பருவத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தது குதிரை வீரர்களின் பழைய காதல் காவியங்கள். இடைக்காலத்திலும் அதற்குப் பிந்திய நூறு இருநூறு ஆண்டுகளிலும் பிரான்சிலும் இத்தாலியிலும் எழுதித் தள்ளியவை. காதல், போர், மாயக் கோட்டை, மறுபடியும் காதல். வட்டத்தில் எட்டுப் பேர். என்னைத் தவிர எல்லோரும் டேனிஷ்காரர், எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள், எல்லோரும் தங்கள் சொந்தக் கோப்பையைக் கொண்டுவருபவர்கள். கதையில் யானை வரும் இடங்களில் மட்டும் ஏழு தலைகளும் என் பக்கம் திரும்பின. யானையைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவர்களுக்குத் தெரிந்ததும் ஒன்றுதான். இருந்தாலும் ஆமோதிப்பதுபோலத் தலையாட்டி வைப்பேன்.

வீரர்கள் எனக்கு அலுத்துப்போனார்கள். ஒருவருக்கும் தன் அலுவலை ஒழுங்காக முடிக்கத் தெரியாது. காதலியைத் தேடிப் புறப்பட்டவன் வழியில் ஒரு மானைக் கண்டால் மானின் பின்னால் போய்விடுவான். எனக்குப் பிடித்தது வேறொருத்தி. பெயர்தான் மாறுமே தவிர, இந்தக் காவியங்கள் பலவற்றிலும் அவள் இருக்கிறாள்: நல்ல மந்திரக்காரி. கெட்ட மந்திரக்காரிக்குத் தீவும் தோட்டமும் தங்கத் தட்டும் உண்டு. நல்லவளுக்கு ஒரு குகை, ஒரு புத்தகம், அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு வீரனும் குறிப்பிட்ட ஒரு பெண்ணும் சேரவேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவள் வாள் எடுப்பதில்லை. எந்த வாசலால் போகவேண்டும், எந்த மோதிரத்தை எந்த விரலில் போடவேண்டும், எந்த வேளையில் யாருடைய உருவத்தில் போய் நின்று பேசினால் காரியம் நடக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். வீரன் ஒவ்வொரு முறையும் தப்பி வந்து, ஒவ்வொரு முறையும் புதிய கோட்டையில் போய் மாட்டிக்கொள்வான். அவள் அலுக்காமல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவாள்.

இவள் மந்திரக்காரியே இல்லை, நகரசபை அலுவலர் என்று நான் வட்டத்தில் சொன்னேன். நாற்பது அத்தியாயமாக மூடமுடியாத ஒரு கோப்பை வைத்துக்கொண்டு அல்லாடுகிறாள். எல்லோரும் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற மருத்துவச்சி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இதில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டாள். நகரசபையில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அந்தப் பனிக்காலத்தில் எனக்கும் ஒரு கோப்பு இருந்தது. என் தம்பி.

தம்பிக்கு அறுபத்தொரு வயது. மனைவி பிரிந்து இங்கிலாந்துக்குப் போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள். பத்திரங்கள் எல்லாம் முறைப்படி முடிந்துவிட்டன, நானே பார்த்தேன். ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில், ஸ்கீவ என்ற சிறிய ஊரில் ஒரு பெண். கணவரை இழந்து ஒன்பது ஆண்டுகள், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, சொந்த வீடு, பின்னால் தோட்டம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த விளையாட்டுப் போட்டியில் தம்பி ஒலிவாங்கியில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது, உணவுக் கடையில் நின்ற அவள் மேடைக்கு ஏறிவந்து, ஒலிவாங்கியை அவன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிவைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஸ்கீவ ரயிலில் ஏறுகிறான். மாலை ரயிலில் திரும்பிவிடுகிறான். சாதகம் பார்க்க யாரும் கேட்கவில்லை. அவனுடைய இரண்டு மகன்களும் நல்லதுதானே அப்பா என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தங்கள் கைபேசிக்குத் திரும்பிவிட்டார்கள். அவளுடைய மகள் ஒஸ்லோவிலிருந்து வாழ்த்தே அனுப்பிவிட்டாள். இந்தக் கலியாணத்தை எதிர்க்க ஒரு குஞ்சுகூட இல்லை.

இருந்த தடை ஒன்றே ஒன்று. தம்பி எங்கள் ஓகூஸ் தமிழ்ச் சங்கத்தின் தலைவர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தடையாகத் தெரியாது. ஸ்கீவவுக்குப் போய்க் குடியேறுபவன் சங்கத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே. ஆனால் எங்களுடைய ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பதவிக்கு யாரும் தாமாக வருவதில்லை. நான் செய்கிறேன் என்று எழுந்து நின்றால், அவனுக்கு ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று வீடு போகும்வரை கதைப்பார்கள். பதவி என்பது பிறர் கெஞ்சித் தரவேண்டியது. முதல் முறை கேட்டால் நேரமில்லை என்று சொல்லவேண்டும். இரண்டாம் முறை உடம்புக்கு ஏலாது என்று சொல்லவேண்டும். மூன்றாம் முறை பேசாமல் கூரையைப் பார்க்கவேண்டும். கூரையைப் பார்த்தால் தெரிவு செய்யப்பட்டாயிற்று.

பதினொரு ஆண்டுகளாகத் தம்பி ஒவ்வொரு பங்குனியிலும் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "நான் இந்தமுறை விடுறன்" என்பான். மனதார விடுவதற்காகவே சொல்வான். உடனே ஒருவர், "அண்ணை, நீங்கள் இல்லாட்டிச் சங்கம் ஏது?" என்பார். இன்னொருவர் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார். மூன்றாமவர் கண்கலங்குவார். தம்பி கூரையைப் பார்ப்பான். மண்டபமே கைதட்டும், தேநீர் வரும். கெட்ட மந்திரக்காரியின் தோட்டத்தில் வீரனைக் கட்டிப்போட்டிருப்பது சங்கிலி இல்லை, நீதான் இங்கே வேண்டியவன் என்ற பாட்டு. எங்கள் தோட்டத்தில் அதை மூன்று பேர் முறைவைத்துப் பாடினார்கள்.

தை மாதம் ஸ்கீவவிலிருந்து அவள் என்னை அழைத்தாள். ஒஸ்லோவில் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, கீழ்மாடியில் அம்மாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள், ஈஸ்டருக்குள் பதில் கேட்கிறார்கள் என்றாள். தான் ஒஸ்லோ போனால் வீட்டை விற்றுவிட்டுத்தான் போவாள், போனால் திரும்பி வரமாட்டாள். இதை அவனுக்கும் சொல்லியாயிற்றாம். அவன், கூட்டம் முடியட்டும் என்றானாம்.

"அவரை நான் இழுக்கமாட்டன், அக்கா. இழுத்துக்கொண்டு வந்தால் பிறகு வாழ்நாள் முழுக்க இழுக்கவேணும். ஈஸ்டர் வரைக்கும் பாக்கிறன்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஆறுதல் சொல்லிவிட்டு வைத்திருப்பேன். அழாமல் இப்படித் தேதியோடு பேசுகிறவர்களை நகரசபையில் எனக்கு நன்றாகத் தெரியும். சொன்ன தேதியில் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

தம்பியிடம் நேரே பேசிப் பார்த்தேன். இந்தமுறை கட்டாயம் விடுவேன் என்று சத்தியம் பண்ணினான். சத்தியம் பண்ணும்போதே, இலையுதிர்காலக் கலைவிழாவுக்கு மண்டபம் பதிவுசெய்ய வேண்டும் என்று கைபேசியில் குறித்துக்கொண்டான்.

எனவே சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டதிட்டங்களை, எடுத்தேன். யாப்பை எழுதியதே நான்தான். சங்கம் தொடங்கிய காலத்தில் பதிவுக்கு யாப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. எங்கள் யாருக்கும் அப்படி ஒன்றை எழுதிப் பழக்கமில்லை. அப்போது எனக்குக் கிடைத்தது, நகரத்துக்கு வெளியே சிறிய தோட்டத் துண்டுகளை வாடகைக்கு வைத்திருப்போர் சங்கத்தின் யாப்பு. தோட்டம் என்ற சொல் வந்த இடமெல்லாம் பண்பாடு என்று மாற்றி, ஒரே இரவில் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரிவைக் கவனிக்கத் தவறிவிட்டேன். வேலியின் உயரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக்கூடாது என்று எங்கள் பண்பாட்டுச் சங்கத்தின் யாப்பில் இன்றும் இருக்கிறது. அதை நீக்க இரண்டு பொதுக்கூட்டங்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வேலிக்காக யாரும் இரண்டு முறை வரமாட்டார்கள்.

எனக்கு வேண்டியது ஏழாம் பிரிவில் இருந்தது. தலைவர் தெரிவின்போது உறுப்பினர் ஒருவர் கோரினாலே போதும், வாக்கெடுப்பு எழுத்தில் நடக்கவேண்டும். ஒவ்வொருவரும் தாம் விரும்பும் எந்த உறுப்பினரின் பெயரையும் சீட்டில் எழுதலாம். தோட்டக்காரர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள் என்பது தெரிகிறது. எங்களில் யாரும் இதுவரை கோரியதில்லை, ஏனென்றால் யாரும் ஏழாம் பிரிவுவரை படித்ததில்லை.

நானே கோரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்கூட்டத்தை நடத்திக்கொடுப்பவள் நான்தான். முறைகள் தெரிந்த ஒரே ஆள் என்று என்னைத்தான் முதல் விடயமாகத் தெரிவுசெய்வார்கள். கூட்டத்தை நடத்துபவர் நடுநிலையாக இருக்கவேண்டும். நான் வாழ்நாளில் நடுநிலையை மீறியதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போவதற்கு எப்போதும் ஒரு நடைபாதை இருக்கும்.

நடைபாதை அடுத்த வாரம் இலகு ரயிலில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. மன்னார்க்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்தின் கடைசி விடயமான பிற விடயங்களில் எழுந்து, தேநீர் ஆறிப்போய் வந்தது என்று முறைப்பாடு செய்பவர். பிற விடயங்களில் எந்தத் தீர்மானமும் எடுக்கமுடியாது என்று நான் ஒவ்வோர் ஆண்டும் விளக்குவேன். அன்றும் அவர் தேநீரைப் பற்றித்தான் தொடங்கினார். இந்தச் சங்கத்தில் கதைத்து ஒன்றும் ஆகாது, எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்தது என்றார். ஒரு நகரவாசிக்குத் தன் உரிமை தெரியாவிட்டால் அதை எடுத்துச் சொல்வது அலுவலரின் கடமை. ஓய்வுபெற்றால் அந்தக் கடமை ஓய்ந்துவிடுகிறது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏழாம் பிரிவு என்ன சொல்கிறது என்று மட்டும் சொன்னேன். யாருக்கு வாக்களிக்கவேண்டும் என்று ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு மூன்று தரிப்பிடங்கள் போதுமாக இருந்தன. இறங்கும்போது அவர் பிரிவின் இலக்கத்தைக் கையில் எழுதித்தரச் சொன்னார். பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்.

பொதுக்கூட்டம் வழக்கம்போலத் தமிழ்ப் பள்ளி நடக்கும் பாடசாலை மண்டபத்தில், சனிக்கிழமை பிற்பகல். நாற்பத்திரண்டு பேர். நல்ல வருகை, வெளியே மழை. தம்பி அறிக்கை வாசித்தான். பின் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "நான் இந்தமுறை விடுறன்" என்றான். முதல் பாடகர் சங்கம் ஏது என்றார். இரண்டாமவர் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு வந்தார். மூன்றாமவர் கண்ணாடியைக் கழற்றினார். தம்பியின் மோவாய் மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.

"ஒரு நிமிசம்" என்றார் பேருந்து ஓட்டுநர். பயணச்சீட்டைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஏழாம் பிரிவின்படி எழுத்து வாக்கெடுப்பு வேணும்."

மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. தம்பி சிரித்தான். நடக்கட்டும், நடக்கட்டும், ஜனநாயகம்தானே என்று கையை விரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்சமும் பயமில்லாத சிரிப்பு.

தாள்களைக் கிழித்துச் சீட்டாக்கிக் கொடுத்தேன். எல்லோரும் பரீட்சை எழுதும் பிள்ளைகள்போலக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். பிஸ்கட் டின்னில் சேர்த்தோம். கூட்டத்தை நடத்தும் நான் எழுதவில்லை, எனவே நாற்பத்தொரு சீட்டுகள். முறைப்படி ஒவ்வொன்றையும் உரக்க வாசிக்கவேண்டும்.

குதிரை வீரர்களின் காவியங்களில் ஒரு மோதிரம் வரும். நல்ல மந்திரக்காரி அதை வீரனின் விரலில் போட்டுவிடுவாள். போட்ட கணத்தில் மாயம் கலைந்து, அழகியாக இருந்தவள் பல்லில்லாத கிழவியாகத் தெரிவாள். படிக்கும்போது நான் சிரித்த இடம் அது. பிஸ்கட் டின்னிலிருந்து ஏழாவது சீட்டை எடுக்கும்போது, அந்த மோதிரம் என் கையில் இருக்கிறது என்பதும் அதைப் போடுவது சிரிப்பான வேலையில்லை என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்த முறையில்லை.

தம்பிக்கு ஒன்பது. ஓட்டுநருக்கு இரண்டு. ஒன்று அவர் கையெழுத்து, மற்றது அவர் மனைவியுடையது என்று நம்ப விரும்பினேன். செல்லாதவை நான்கு: ஒன்றில் "ஆரெண்டாலும் சரி" என்றிருந்தது, ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவரின் பெயர், ஒன்றில் செயற்குழு முழுவதும், ஒன்றில் கருவேப்பிலை, பெரிய வெங்காயம், பேப்பர் துவாய். மீதி இருபத்தாறும் ஒரே பெயர். தமிழ்ப் பள்ளியைப் பல ஆண்டுகளாக உண்மையில் நடத்திக்கொண்டிருக்கும், பல் மருத்துவ நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண். கலைவிழாவுக்கு மண்டபம் பிடிப்பது, திரை கட்டுவது, பிள்ளைகளின் பெற்றோருக்குப் போன் பண்ணுவது எல்லாம் அவள்தான். தம்பி ஒலிவாங்கியில் நன்றி சொல்வான்.

அவள் மண்டபத்தில் இல்லை. சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றியவர் உடனே அதை மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் சமூகமளிக்காதவரைத் தெரிவு செய்யமுடியுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் இடையே சாப்பாடு பரிமாறும் சாளரம் ஒன்று இருக்கிறது. சாளரம் கூட்டம் முழுவதும் திறந்தே இருந்தது, எனவே அவர் சமூகமளித்தவர் ஆவார் என்று தீர்ப்பளித்தேன். அப்படியானால் அவருக்கு ஏன் வாக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் வாக்கெடுப்பே செல்லாமல் போயிருக்கும். நல்லகாலம், மண்டபத்தில் நகரசபையில் வேலை செய்தவர் நான் ஒருத்திதான்.

சாளரத்தினூடாக அவளிடம் விடயத்தைச் சொன்னேன். எல்லோரும் முதலாவது மறுப்புக்காகக் காத்திருந்தார்கள். கெஞ்சுவதற்கு இரண்டு பேர் எழுந்தும் நின்றுவிட்டார்கள்.

"சரி, செய்யிறன்" என்றாள் அவள். "ஆரும் வந்து தட்டத்தைத் தூக்குங்கோ, ஆறப்போகுது."

எழுந்து நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். தெரிவான தலைவரைக் கெஞ்ச வழியில்லாமல் போனால் எப்படி உட்காருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கைதட்டுவது எந்த இடத்தில் என்றும் ஒருவருக்கும் விளங்கவில்லை. அன்று தேநீர் சூடாக வந்தது. ஓட்டுநர் பிற விடயங்களில் ஒன்றும் பேசவில்லை.

தம்பி வாழ்த்துச் சொன்னான், கைகொடுத்தான். பிறகு கதிரைகளை அடுக்கினான். ஒவ்வோர் ஆண்டும் அவன்தான் கடைசிவரை நின்று கதிரை அடுக்குவான், அன்றும் அடுக்கினான். பத்துப் பத்தாக, காலை காலோடு பொருத்தி. மாயம் கலைந்ததும் காவியத்து வீரன் அடுத்த வரியிலேயே குதிரையில் ஏறிப் பாய்ந்துவிடுவான். என் தம்பியிடம் ஒரு பழைய சைக்கிள்தான் இருந்தது. மழையில் அதைத் தள்ளிக்கொண்டு போனான். ஏறவில்லை.

இனிமேல் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். கதவு திறந்துவிட்டது, வீரன் போகவேண்டியதுதான். அடுத்த ஞாயிறு அவன் ஸ்கீவ ரயிலில் ஏறவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் ஏறவில்லை. தொலைபேசியில் அவளிடம் தடிமன், மூக்கடைப்பு என்றானாம். என்னிடமும் தடிமன் என்றான். ஈஸ்டருக்குப் பதின்மூன்று நாள் இருந்தது. அவள் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். வீடு விற்கும் முகவர் அடுத்த வாரத் திங்கட்கிழமை வந்து பார்க்கப்போகிறார் என்றது அது. வேறு ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை வாசிப்பு வட்டத்தில் இன்னொரு கோட்டை வந்தது. உள்ளே நுழைந்தவர்கள் தாங்கள் இழந்ததைத் தேடி அறை அறையாக அலைவார்கள், வாசல் திறந்திருந்தாலும் வெளியே வரமாட்டார்கள். நல்ல மந்திரக்காரி தான் செய்ததை யாரிடமாவது ஒப்புக்கொள்கிறாளா என்று மட்டும் மருத்துவச்சியிடம் கேட்டேன். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படி எங்கும் வரவில்லை, யாரும் அவளைக் கேட்பதுமில்லை என்றாள்.

மறுநாள் பிற்பகல் தம்பியின் தொடர்மாடிக்குப் போனேன். பருப்பு அடுப்பில் இருந்தது. அவன் தாடியோடு, கலைவிழாவின் பழைய படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கீவவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். தோற்றுப்போனவன் அங்கே போய் எந்த முகத்தோடு நிற்பது என்றான். தானாக விட்டுவிட்டு வரவேண்டும் என்பதுதானே அவளுடைய விருப்பம். தான் விடவில்லையே. இருபத்தாறு பேர் சேர்ந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனை அவள் என்னவென்று ஏற்பாள். அதைவிட அவள் ஒஸ்லோவுக்கே போகட்டும்.

பிறகு, அந்த ஓட்டுநருக்கு இந்த மூளை எங்கிருந்து வந்தது என்று தொடங்கினான். யாப்பைக் கண்ணாலும் கண்டிராத மனிசனாம். யாரோ ஏவியிருக்கவேண்டுமாம்.

"நான்தான் சொன்னனான்" என்றேன்.

அவன் விளங்காமல் பார்த்தான். இலகு ரயில், மூன்று தரிப்பிடங்கள், பயணச்சீட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். சொல்லும்போது, அறிக்கை வாசிப்பதுபோல என் குரல் போய்க்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. வேறு குரல் என்னிடம் இருக்கவில்லை.

"நீதான் கூட்டத்தை நடத்தினனீ" என்றான். அறுபது ஆண்டுகளில் அவன் என்னை நீ என்று சொன்னது அன்றுதான். "நீதான் சீட்டு வாசிச்சனீ. என்ர ஒன்பதையும் ஆறுதலா, ஒண்டொண்டா, எல்லாருக்கும் கேக்க வாசிச்சனீ."

உரக்க வாசிக்கவேண்டும் என்பது முறை என்றேன். அதைச் சொல்லியிருக்கக்கூடாது.

"நீ எனக்கு அக்காவோ, இல்லாட்டிக் கொம்யூனோ?"

அங்கியை எடுத்தான், ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். அவனுடைய சொந்த வீட்டில், அவனுடைய பருப்போடு என்னை விட்டுவிட்டுப் போய்விட்டான். அடுப்பை நிறுத்தினேன். சன்னலால் பார்த்தபோது பேருந்து நிறுத்தத்தில் நின்று தனக்குத்தானே கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் வீட்டுக்குச் சண்டைக்குப் போகிறான் என்று நினைத்து, அவருக்குப் போன் பண்ணி எச்சரித்தேன். அவர் உற்சாகமாக, வரட்டும், தேநீர் போட்டு வைக்கிறேன் என்றார். நான் என் வீட்டுக்குப் போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொரு ஆண்டுகளில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் நின்று கத்தியிருக்கிறார்கள். ஒருவருடைய கேள்வியும் வீடுவரை என்னோடு வந்ததில்லை.

ஐந்தரைக்கு மணி அடித்தது. ஸ்கீவ.

"அக்கா, உங்கட தம்பி இஞ்ச நிக்கிறார்" என்றாள் அவள். "சப்பாத்தும் கழட்டேல்லை. வந்த நேரம் துவக்கம் உங்களைத்தான் பேசிறார்."

என்ன சொல்கிறான் என்று கேட்டேன். எல்லாம் சொல்கிறாராம். ஓட்டுநர், பயணச்சீட்டு, சாளரம், பிஸ்கட் டின். தன் அக்காவைப் போல ஒரு பாம்பை எங்கும் பார்த்திருக்கமுடியாதாம். இதை யாரிடம் சொல்வது என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாராம், அவளைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லையாம்.

"தோத்ததைச் சொன்னவரோ?"

"ஓம். ஒன்பது எண்டும் சொன்னவர்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அண்டைக்குப் பின்னேரமே தெரியும், அக்கா. நீங்கள் கதிரை அடுக்கி முடியமுன்னம் இஞ்ச கதை வந்திட்டுது. ரெண்டு கிழமையா நான் பாத்துக்கொண்டிருந்தது, இவர் வந்து எனக்கு என்ன சொல்லப்போறார் எண்டு. நானா விட்டிட்டு வந்தனான் எண்டு சொல்லியிருந்தா அடுத்த ரயிலில ஏத்திவிட்டிருப்பன்."

பின்னணியில் தம்பியின் குரல் கேட்டது. என் பெயரைச் சொல்லாமல், அந்த மனிசி என்று ஏதோ சொன்னான். அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வரச் சொன்னாள்.

திங்கட்கிழமை வீட்டு முகவர் வந்தபோது தம்பி தோட்டத்தில் நின்றானாம். அவனை வீட்டுக்காரர் என்று நினைத்து, வேலி கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்றாராம் முகவர். இந்த வீடு விற்பனைக்கு இல்லை என்று தம்பி டேனிஷில், நல்ல இலக்கணத்தோடு, ஒலிவாங்கி இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கச் சொன்னானாம். ஒஸ்லோ மகளுக்குப் பிரசவத்துக்கு வந்து ஆறு கிழமை நிற்பதாக அவள் சொல்லிவிட்டாள். அவனும் கூடப் போகிறான், குழந்தைக்குத் தொட்டில் பூட்ட.

என்னோடு அவன் இன்னும் பேசவில்லை. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஓகூஸ் வீட்டை விட்டு ஸ்கீவவுக்கு முகவரி மாற்றுவதற்கான விண்ணப்பத்தை, இந்த நாட்டுக்கு வந்து முதன்முறையாக, என்னிடம் கேட்காமல் தானே நிரப்பி அனுப்பியிருக்கிறான். எனக்குத் தெரியவந்தது அவள் மூலம்தான். இன்னொருவர் வீட்டில் குடியேறுகிறவருக்கு நகரசபை ஒரு முறை வைத்திருக்கிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பவருக்கு ஒரு கடிதம் போகும். இந்த ஆள் உங்களோடு இருக்கப்போவது உண்மைதானா என்று கேட்கும். குறித்த நாளுக்குள் பதில் சொல்லவேண்டும். என் காலத்தில் அப்படிப்பட்ட கடிதங்களை ஆயிரக்கணக்கில் அனுப்பியிருப்பேன். யாராவது அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று யோசித்ததில்லை.

அவள் காலையில் அழைத்தாள். கடிதம் வந்திருக்கிறது, கணினியில் திறந்து வைத்திருக்கிறேன் என்றாள். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிகிறதாம், ஒன்றைத் தவிர.

"எந்தத் திகதி வரைக்கும் இருப்பார் எண்டு ஒரு பெட்டி இருக்குது, அக்கா. அதுக்குள்ள என்ன போடுறது?"

அதில் ஒன்றும் எழுதவேண்டாம், அப்படியே விட்டால் காலவரை கிடையாது என்று எடுத்துக்கொள்வார்கள் என்றேன். நாள் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டிவரும், எனவே இன்றைக்கே அனுப்பிவிடு என்றும் சொன்னேன்.

அவள் சிரித்தாள்.

"நேற்றே அப்பிடித்தான் அனுப்பிப்போட்டன். உங்களிட்டை ஒண்டும் கேக்காமல் விட்டால் நல்லாயிருக்காது எண்டு எடுத்தனான்."